கல்லுக்குள் கண்ணாடி முட்கள்

பெங்களூருவின் லால்பாக் தோட்டத்திற்குச் செல்வோர் கண்ணாடி மாளிகையையும் மலர்க்காட்சியையும் கண்டு மகிழ்வர். அத்தோட்டத்தில் உள்ளவற்றுள் மிகப் பழைமையானதைப் பலர் மிதித்துக்கொண்டே கடந்துவிடுவர். கெம்பேகௌடரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சிறு கோபுரம் ஒரு பாறைக்குன்றின்மேல் நிற்கிறது. அந்தக் குன்றே அது. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். அப்பாறைக்குத் 'தீபகற்ப நைஸ்' என்பது பெயர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்து, அருகில் பலகை ஒன்றையும் நட்டிருக்கிறது.

இவ்வளவு பழைய கல்லில் பழங்கால உயிர்களின் சுவடு ஏதேனும் இருக்குமா? இராது. இப்பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து, உருகி, மடிந்து, மீண்டும் இறுகியது. அதில் காணப்படும் வெள்ளை, கருமை வரிகள் அந்த அல்லலின் அடையாளங்கள். மேலும், 300 கோடி ஆண்டுகளுக்கு முன் விலங்கு என்று சொல்லத்தக்க எதுவும் உலகில் தோன்றியிருக்கவில்லை. கருநாடகத்தின் சித்திரதுர்க்கப் பகுதியில் மிகப் பழைய கடற்படிவுகள் உண்டு. ஆனால் அவற்றில் உள்ளவை நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக விட்டுச்சென்ற படலங்களே. கல்லாகிப்போன கடல் விலங்கைக் காண விரும்பும் பெங்களூரு மாணவர் ஓர் இரவுப் பயணம் செய்து அரியலூர் மண்ணில் இறங்கவேண்டும்.

அரியலூர் என்றதும் கங்கைகொண்ட சோழபுரம் நினைவுக்கு வரும். இராசேந்திரன் கடல் கடந்து சென்ற காலத்திற்கு மிக மிக முன்பே, ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலே அந்நிலத்தைத் தேடி வந்தது. பல கோடி ஆண்டுகள் அது அங்கே முன்னேறியும் பின்வாங்கியும் நிலைத்திருந்தது. தமிழிலக்கியம் பேசும் கடல்கோளை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அந்தச் செய்தி மக்கள் வாழ்ந்த காலத்தைப் பற்றியது. இந்தக் கடல் அலையடித்தபோது மனிதர் இல்லை, டைனோசர்கள் இருந்தன.

அக்கடலின் அடியில் படிந்த சேறும் மணலும் சுண்ணாம்பும் இன்று பாறைகளாக மேலெழுந்து கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் அருகே செம்மண்ணும் களியும் மழைநீரால் அரிக்கப்பட்டுப் பள்ளமும் மேடுமாகக் காணப்படும். அங்கே சுருள்வடிவ அம்மோனைட்டுகள், சிப்பிகள், அம்புமுனை போன்ற பெலம்னைட்டுகள் ஆகியவை கிடைத்துள்ளன. அம்மோனைட்டு தமிழருக்குப் புதியதன்று. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமக் கற்கள் பலவற்றுள் இருப்பது அதன் சுருளே.

1862ஆம் ஆண்டில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் புவியியலாளர் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து எழுதினார். அதே ஆண்டில் கல்கத்தாவில் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்னும் இளைஞர், இன்றைய செக் நாட்டில் பிறந்தவர், தென்னிந்தியப் புதைபடிவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பெருநூல்களாக வெளியிட்டார். நத்தைக்கும் சிப்பிக்கும் பெரும்பகுதி ஒதுக்கிய அவர், 1873இல் வெளிவந்த பகுதியில் பவளங்களோடு கடற்பஞ்சுகளைப் பற்றியும் குறிப்பு எழுதினார். மறு ஆண்டு சூன் மாதத்தில், யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயர்மலையில் மூச்சுத்திணறி இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அவருடைய கல்லறை லே நகரில் உள்ளது. தமிழ்நாட்டுக் கடற்பஞ்சுப் படிவங்களை முதன்முதலாக நூலில் ஏற்றியோருள் ஒருவர் இமயத்தில் உறங்குகிறார் என்பது அரியலூரிலும் பலர் அறியாத செய்தி.

அவர் அந்நூலில் இடம் கொடுத்த கடற்பஞ்சு என்பது யாது? கடையில் விற்கும் செயற்கைப் பஞ்சு அன்று. அது கடலடியில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் ஓர் விலங்கு. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, இதயம் இல்லை. உடல் முழுதும் நுண்துளைகள். அவற்றின் வழியே கடல்நீர் உள்ளே செல்கிறது. உள்ளறைகளில் உள்ள செல்கள் சாட்டை போன்ற இழைகளைச் சுழற்றி நீரை இழுக்கின்றன. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் உணவாகின்றன. எஞ்சிய நீர் மேலுள்ள பெரிய வாய்வழி வெளியேறுகிறது. விரலளவே உள்ள ஒரு கடற்பஞ்சு ஒரு நாளில் ஏறத்தாழ 22 லிட்டர் நீரை இவ்வாறு வடிகட்டும் எனக் கணக்கிட்டுள்ளனர். ஒரு குடத்து நீரை விடவும் மிகுதி! மன்னார் வளைகுடாவில் இன்றும் நூற்றுக்கணக்கான வகைக் கடற்பஞ்சுகள் இப்பணியைச் செய்துவருகின்றன.

இதனை விலங்கென்று ஒப்புக்கொள்ள அறிஞருக்கே நெடுங்காலம் ஆயிற்று. அசையாத ஒன்றைச் செடி என்று எண்ணுவது இயல்புதானே. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் கிராண்டு என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் நீர் உட்புகுவதையும் வெளியேறுவதையும் உற்றுநோக்கி உண்மையை நிலைநாட்டினார். 1907இல் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் இட்டுப் பிழிந்தார். தனித்தனிச் செல்களாகச் சிதறி விழுந்த அது, சில நாள்களில் மீண்டும் ஒன்றுகூடிச் சிறு கடற்பஞ்சுகளாக வளர்ந்தது. பெரும்பாலான விலங்குகளை இப்படிப் பிழிந்து பார்க்க இயலாது.

எலும்பில்லாத இவ்வுடலைத் தாங்குவது எது? சிலவற்றில் பீர்க்கங்கூட்டைப் போன்ற நார்ப்பின்னல் உண்டு. குளிப்பதற்குப் பயன்பட்ட கடற்பஞ்சு அத்தகையது. பெரும்பாலானவற்றில் நார் மட்டுமன்றி நுண்முட்களும் உள்ளன. சில இனங்கள் சுண்ணாம்பால் முட்களைச் செய்கின்றன. பல இனங்கள் சிலிக்காவால், அதாவது கண்ணாடிக்குரிய பொருளால், செய்கின்றன. மனிதர் உலையில் ஆயிரம் பாகைக்கு மேல் சூடேற்றி உருவாக்கும் கண்ணாடியைக் குளிர்ந்த கடல்நீரில், நீரில் மிகச் சிறிதளவே கரைந்துள்ள சிலிக்காவைத் திரட்டி, நரம்பும் மூளையும் இல்லாத ஒரு விலங்கு செய்துவிடுகிறது.

நுண்முட்களின் வடிவங்கள் பலவகை. ஊசி போன்றவை உண்டு. கொக்கி போன்றவை உண்டு. ஆறு கதிர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீண்டிருப்பவை கண்ணாடிக் கடற்பஞ்சு இனத்திற்கு உரியவை. நான்கு கதிர்கள் கொண்ட ஒருவகை நெருஞ்சி முள்ளை ஒக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கியே நிற்கும். மேலைநாட்டு அறிஞரும் நெருஞ்சியைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லாலேயே அதனை வழங்குகின்றனர். பெரும்பாலான முட்கள் கண்ணுக்குத் தெரியாதவை அல்லது மில்லிமீட்டர் அளவின. ஆழ்கடலில் வாழும் ஓர் இனம் பெரும் விதிவிலக்கு. அது மூன்று மீட்டர் வரை நீளும் ஒற்றைக் கண்ணாடித் தண்டின்மீது தன்னை நிறுத்திக்கொள்கிறது.

கடற்பஞ்சு இறந்ததும் சதை அழுகிப்போகும். முட்கள் உதிர்ந்து சேற்றில் கலக்கும். கடலடியில் இவை திரண்டு, ஆயிரமாயிரம் ஆண்டுகளில் மேற்படியும் சேற்றின் பாரத்தால் இறுகிப் பாறையாகின்றன. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. உயிரினங்கள் செய்யும் சிலிக்கா நிலையற்றது. புதைந்த இடத்தில் ஊறும் நீரில் மெல்லக் கரைந்துவிடும். கரைந்த சிலிக்கா அருகிலேயே வேறோரிடத்தில் மீண்டும் இறுகித் தீக்கல்லாக மாறும். இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறைகளில் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும் சிக்கிமுக்கிக்கல்லின் சிலிக்காவில் பெரும்பங்கு கடற்பஞ்சு முட்களிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கற்கால மனிதர் அதைக்கொண்டு கத்தி செய்தனர், நெருப்பும் மூட்டினர். முள் கரைந்த இடத்தில் எஞ்சிய வெற்றிடத்தில் சில வேளைகளில் சுண்ணாம்புச் சத்துப் புகுந்து நிரம்பும். அப்போது முள்ளின் வடிவம் இருக்கும், பொருள் மாறியிருக்கும். ஆகவே ஒரு பாறையில் முள் இருப்பது வேறு. முள் அசல் கண்ணாடியாகவே இருப்பது வேறு.

இத்தகைய முட்களுள் இந்தியாவின் மிகப் பழையவை இமயத்தில் கிடைத்தன. டேராடூன் அருகே மால்தேவ்தா என்னும் இடத்தில் உரத்திற்காகப் பாஸ்பேட் தாது தோண்டப்பட்டது. தாதுவுடன் அடுக்கடுக்காக இருந்த கருநிறத் தீக்கல்லில் கடற்பஞ்சின் சிலிக்கா நுண்முட்கள் உள்ளன என்று அனிந்தா மஜும்தாரும் டி. எம். பானர்ஜியும் 1998இல் அறிவித்தனர். அப்பாறைகள் கேம்பிரியன் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 53 கோடி ஆண்டுப் பழைமை உடையவை. இன்று பனி மூடிய மலைத்தொடரின் மடியில் உள்ள அந்த இடம் அன்று கடலடி. குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் கடற்பஞ்சுப் படிவங்கள் கிடைத்துள்ளன. அவை ஜுராசிக் காலத்தவை, எனவே அவற்றினும் மிக இளையவை.

பழைமையைக் கேட்டு வியப்பதைவிட, அறிஞர் அதை எவ்வாறு உறுதிசெய்கின்றனர் என்று கேட்பதே பயனுடையது. முதலில் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரை தேய்த்து மெலியச் செய்வர். அந்த மென்தகட்டின் வழியே ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் ஒரு நட்சத்திரம் தெரிகிறது என்று கொள்வோம். அது கடற்பஞ்சு முள்தானா? கனிமப் படிகங்களும் கூர்மையாக வளரும். எரிமலைச் சாம்பலின் கண்ணாடித் துண்டுகளும் கூரியவை. பிறகு எங்கிருந்தோ கலந்த இக்காலத்து முள்ளாகவும் இருக்கலாம். இங்கே முள்ளின் நடுவே ஓடும் நுண்குழல் சாட்சி சொல்கிறது. உயிருள்ள கடற்பஞ்சு ஒரு புரத இழையைச் சுற்றியே கண்ணாடியைப் படியவைக்கிறது. இழை அழிந்ததும் அதன் இடம் குழலாக நிற்கும். கண்ணாடிக் கடற்பஞ்சில் அதன் குறுக்குவெட்டு சதுரம். வேறொரு பெரும்பிரிவில் முக்கோணம் அல்லது அறுகோணம். தானே விளைந்த படிகத்திற்கு இத்தகைய குழல் இருப்பதில்லை. பூவின் நடுவே நார் ஓடினால் அது மாலையிலிருந்து விழுந்தது என்று அறிகிறோம் அல்லவா, அதுபோன்றதே இது.

சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. மெல்லிய அமிலத்தில் கல்லை ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். சிலிக்கா முட்கள் அடியில் தங்கும். சுண்ணாம்புக்கல்லின்மீது எலுமிச்சைச் சாற்றைத் துளியாக விட்டு, நுரைத்துக் கரைவதை வகுப்பறையிலேயே காணலாம்.

இவ்வளவு கடுமையான சோதனை ஏன் வேண்டும் என்ற ஐயம் எழலாம். பூமியின் முதல் விலங்கு எது, அது எப்போது தோன்றியது என்னும் பெரிய வினாவுக்கான விடை இச்சிறு முட்களைச் சார்ந்திருக்கிறது. கடற்பஞ்சுகளே விலங்குகளின் குடும்ப மரத்தில் மிகத் தொடக்கத்தில் பிரிந்தவை என்று பலர் கருதுகின்றனர். ஆகவே அவற்றின் பழைய எச்சம் தேடப்படுகிறது. ஆர்வ மிகுதியால் கிடைக்காததும் கிடைத்ததாக எண்ணப்படுகிறது. 2014இல் ஓர் ஆய்வுக்குழு, அதுவரை 'மிகப் பழைய கடற்பஞ்சு' என்று சொல்லப்பட்ட படிவங்களை மறுபடியும் சோதித்தது. பல முட்கள் வெறும் கனிமங்கள் என்று தள்ளப்பட்டன. ஈரானில் கிடைத்த, 53 கோடி ஆண்டுகளைச் சற்றே கடந்த முட்களே ஐயத்திற்கு இடமற்ற மிகப் பழையவை என்று அக்குழு முடிவுசெய்தது. டேராடூன் முட்கள் அவற்றை அடுத்த வரிசையில் நிற்கின்றன.

ஆனால் கேள்வி அத்துடன் ஓயவில்லை. 2021இல் எலிசபெத் டர்னர் என்னும் அறிஞர், கனடாவின் 89 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் நார்ப்பின்னல் போன்ற வடிவங்களைக் கண்டு, அவை முள்ளற்ற கடற்பஞ்சாக இருக்கக்கூடும் என்று எழுதினார். பின்னல் இருக்கிறது, முள் இல்லை. எனவே பலர் ஏற்கத் தயங்குகின்றனர். முதற்கடற்பஞ்சுகளுக்கு முள்ளே இல்லாதிருந்திருக்கலாம் என்பதும் நியாயமான எண்ணமே. 2024இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட, கேம்பிரியனுக்கு முற்பட்ட ஒரு படிவம் அந்த எண்ணத்திற்கு வலுச்சேர்க்கிறது. முட்களை மட்டும் தேடினால் முள்ளில்லாத காலம் கண்ணில் படாது. முட்களை விட்டுவிட்டால் எதை நம்புவது?

இந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2021இல் பீம்பேட்கா பாறைக்குகையின் கூரையில் டிக்கின்சோனியா என்னும் ஆதி விலங்கின் சுவடு இருப்பதாக ஓர் ஆய்விதழ்க் கட்டுரை கூறியது. நாடெங்கும் செய்தி பரவியது. பின்னர் வேறொரு குழுவினர் அங்கே சென்று பார்த்தபோது, அது பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த தேன்கூட்டின் எச்சம் என்பது வெளிப்பட்டது. முதற்கட்டுரையை எழுதியவரும் அதனை ஏற்றுக்கொண்டார். அறிவியலுக்கு இதனால் இழுக்கு ஒன்றும் இல்லை. செய்தி பரவிய விரைவில் திருத்தமும் பரவவில்லை என்பதுதான் குறை. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020இல் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோதும் 'டைனோசர் முட்டை' என்றே பேச்சு எழுந்தது. அம்மோனைட்டைச் சுற்றிச் சேறு இறுகிய கட்டிகள் என்று அறிஞர் விளக்கவேண்டியதாயிற்று. முட்டை இல்லை என்றதும் ஆர்வம் தணிந்தது. பத்துக்கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் தன் ஊரில் இருந்ததென்பது முட்டையைவிடக் குறைந்த செய்தியா என்ன?

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சிப்பிகளாலும் பிற கடலுயிர்களின் ஓடுகளாலும் ஆனது. கல் வெட்டப்படுவதால்தான் புதிய படிவங்கள் வெளிப்படுகின்றன. வெட்டப்படுவதால்தான் அவை பொடியாகவும் ஆகின்றன. இரண்டும் ஒரே வேலையின் இரு விளைவுகள். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம் இப்பகுதியில் கிடைத்தவற்றுள் சிலவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. கண்ணில் படும் பெரிய அம்மோனைட்டைத் தொழிலாளர் எடுத்து வைப்பர். கண்ணுக்குத் தெரியாத நுண்முள்ளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது அரைக்கப்பட்டுச் சுவராகிவிடும்.

அத்தகைய இடத்தில் ஒரு படிவத்தைக் காணும் மாணவர் அதைப் பெயர்த்து எடுத்தல் கூடாது. அருகில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து ஒளிப்படம் எடுக்கவேண்டும். எந்த அடுக்கில், எந்தத் திசை நோக்கி இருந்தது என்று எழுதிக்கொள்ளவேண்டும். பின்பு அருங்காட்சியகத்திற்கோ புவியியல் துறைக்கோ தெரிவிக்கவேண்டும். இடம் தெரியாத படிவம் முகவரி கிழிந்த கடிதத்தைப் போன்றது. எழுத்து இருக்கும், யாருக்கு, எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

அருஞ்சொற்பொருள்

புதைபடிவம் – பாறையில் புதைந்து நிலைபெற்ற பழங்கால உயிரின் எச்சம் அல்லது சுவடு
நுண்முள் – கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் மிகச் சிறிய முள்
பீர்க்கங்கூடு – முற்றி உலர்ந்த பீர்க்கங்காயின் நார்ப்பகுதி
கடல்கோள் – கடல் பொங்கி நிலத்தை விழுங்குதல்

பயிற்சி

1. லால்பாக் பாறையில் புதைபடிவம் கிடைக்காமைக்குப் பாடம் கூறும் இரண்டு காரணங்களை எழுதுக.

2. கல்லில் காணும் முள் கனிமமா, கடற்பஞ்சின் முள்ளா என்பதை எதைக்கொண்டு வேறுபடுத்துவர்?

3. 'முள்ளின் வடிவம் இருக்கும், பொருள் மாறியிருக்கும்.' இத்தொடரை நும் சொற்களில் விளக்குக.

4. பிரித்து எழுதுக: கடற்பஞ்சு, நுண்ணுயிர், பீர்க்கங்கூடு.

5. 'வெட்டப்படுகிறது', 'அறிவிக்கப்பட்டது' ஆகிய செயப்பாட்டுவினைத் தொடர்களைச் செய்வினையாக மாற்றித் தனித்தனி வாக்கியங்களில் அமைக்க.

6. சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலை நம்பி வாழும் ஒருவரும், அப்பாறையை ஆராயும் ஒருவரும் சுரங்கத்தின் ஓரத்தில் சந்தித்தால் என்ன பேசுவர்? பத்து வரிகளில் உரையாடலாக எழுதுக. இருவருள் எவரையும் தோற்றவராகக் காட்டவேண்டா.